ஆயுதபூஜைக்கு எந்தச் செண்டு? நாலு வகையையும் வீட்டில் வளர்த்துப் பார்த்த கதை

செண்டு நடலாம் என்று இருப்பவர்கள் நாற்றுப் பண்ணையில் போய் முதலில் கேட்பது "எது சீக்கிரம் பூக்கும்?" நானும் அதைத்தான் கேட்டேன். பண்ணைக்காரர் ஒரு தட்டைக் காட்டி, "இதுங்க, அம்பது நாள்ல பூ" என்றார். சொன்னபடியே பூத்தது. அதுதான் தலைவலியாகவும் போனது.

2025-ல் ஆயுதபூஜை அக்டோபர் 1, தீபாவளி அக்டோபர் 20. இந்த இரண்டையும் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் வீடு, பின்னால் ஐந்து சென்ட் கொல்லை, மேலே மாடி. ஐந்து சென்டில் பூ போட்டு யாரும் பணக்காரன் ஆகப் போவதில்லை. அடுத்த வருஷம் அண்ணன் நிலத்தில் அரை ஏக்கர் போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்று முடிவு செய்யத்தான் இந்தச் சோதனை. அதனால் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: தொட்டியில் வளர்க்கும் குட்டை ஹைப்ரிட், மாலைக்கு விற்கும் உயர ஹைப்ரிட், அம்மா பழைய டப்பாவில் எடுத்து வைத்திருந்த வீட்டு விதை, அப்புறம் சாமந்தி. செண்டு மூன்றும் ஒரே நாளில் விதைத்தவை. சாமந்திக்கு விதை கிடையாது, பக்கக் கன்றுதான், அதே வாரத்தில் வாங்கி நட்டேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். செண்டு, செண்டுமல்லி, துலுக்க சாமந்தி எல்லாம் ஒன்றே. ஓசூர் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் பந்திப்பூ என்பார்கள். புத்தகத்தில் ஆப்பிரிக்கச் செண்டு என்று போட்டிருக்கும், ஆனால் செடியின் சொந்த ஊர் மெக்சிகோ, ஆப்பிரிக்காவுக்கும் இதற்கும் பிறப்புச் சம்பந்தம் எதுவும் இல்லை. சாமந்தி வேறு செடி, வேறு குணம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குட்டை ஹைப்ரிட். இன்கா என்ற பெயரில் நர்சரிகளில் கிடைப்பது இந்த ரகம்தான். முழங்கால் உயரம்கூட வராது, ஒரு அடி, கொஞ்சம் மேலே. பூ மட்டும் உள்ளங்கை அளவு. பத்து இஞ்ச் குரோ பேக்கில் செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க் கழிவு மூன்றும் சமமாகக் கலந்து ஒரு பைக்கு ஒரு செடி வைத்தேன். நுனி கிள்ள வேண்டியதில்லை, தானாகவே அடியிலிருந்து கிளை விட்டுக் குடை மாதிரி விரிந்தது. ஆகஸ்ட் 28 அன்று முதல் பூ விரிந்தது, விதைத்து 53 நாள். விநாயகர் சதுர்த்தி அதற்கு முந்தின நாள் போய்விட்டது! ஒரு நாள் முன்னால் விரிந்திருந்தால் பிள்ளையாருக்காவது ஆகியிருக்கும்.

அடுத்த மூன்று வாரம் மாடி பார்க்க அவ்வளவு அழகு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் இந்த ரகம் எல்லா மொட்டையும் ஒன்றாக விரித்துவிடும், பிறகு மூச்சு வாங்கும். செப்டம்பர் கடைசியில் இரண்டாவது மொட்டு வந்தபோது புரட்டாசி மழையும் சேர்ந்து வந்தது. பூ பெரிதாக, இதழ் நெருக்கமாக இருப்பதால் உள்ளே தண்ணீர் தங்கி, வெளியே மஞ்சளாகத் தெரியும் பூவைக் கையில் எடுத்தால் நடுவில் பழுப்பாக நசநசவென்று அழுகியிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் பன்னிரண்டு செடியிலும் சேர்த்து சாமி படத்துக்கு வைக்கிற அளவுக்கு நல்ல பூ ஏழோ எட்டோ கிடைத்தது. மாலை கட்டவும் இது ஒத்துவராது. காம்பு கட்டையாக, பூ கனமாக இருப்பதால் நாரில் கட்டும்போது தலை தொங்கிவிடுகிறது. அம்மா இரண்டு கண்ணி கட்டிப் பார்த்துவிட்டு, "இது வாசல்ல வெக்கிற பூ கண்ணு, கட்டுற பூ இல்ல" என்று கூடைக்குள் போட்டுவிட்டார்.

ஆக, குட்டை ரகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பால்கனி, மாடி, கடை வாசல், இதற்கெல்லாம் இதைவிட நல்லது கிடையாது. பூஜை தேதிக்குப் பூ வேண்டும் என்றால் தேதியிலிருந்து 55 நாள் பின்னால் எண்ணி ஆகஸ்ட் முதல் வாரத்தில் விதைத்திருக்க வேண்டும். நான் ஆடி பதினெட்டு வரை பொறுத்திருந்தால் போதும், அன்றைக்கு ஆகஸ்ட் 3, ஊரே ஒகேனக்கலில் இருந்தது, நான் மட்டும் மாடியில் தளதளவென்று நிற்கும் செடியைப் பார்த்து சீக்கிரம் போட்டேன் என்ற பெருமையில் இருந்தேன்.

உயர ஹைப்ரிட்தான் மண்டிக்குப் போகிற பூ. மூன்றடி வரும், வேலி ஓரமாக இருந்தால் அதற்கு மேலும் போகும். விதை எண்ணி விற்கிறார்கள், ஒரு விதை ஏறக்குறைய இரண்டு ரூபாய்க்கு வந்தது. முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் வலிக்கும். எதற்கு இவ்வளவு என்றால், இந்த விதையை உண்டாக்க மகரந்தமே இல்லாத தாய்ச் செடி ஒன்றைத் தனியாக வளர்த்து, அதன் மேல் வேறொரு வரிசைச் செடியின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலந்தால்தான் அந்த ஒரே உயரம், ஒரே அளவு, ஒரே நிறம் வரும்.

இங்கே என் பழைய முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஹைப்ரிட் பூவை செடியிலேயே காயவிட்டு விதை எடுத்து, விதைக் காசு மிச்சம் என்று நட்டேன். செடி நன்றாகத்தான் வந்தது. பூக்க ஆரம்பித்ததும் ஒன்று அடுக்குப் பூ, ஒன்று ஒற்றை இதழ், ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு. சில செடிகளில் இதழே இல்லை, பச்சைக் கிண்ணத்துக்குள் வெளிறிய நூலைக் கத்தரித்துத் திணித்த மாதிரி ஒரு கொத்து. நோய் வந்துவிட்டது என்று நினைத்து மருந்துக் கடைக்கு எடுத்துப் போனேன், அங்கே ஒரு பெரியவர் சிரித்தார். அந்த நூல் கொத்துதான் மகரந்தமில்லாத தாய்ச் செடியின் ரூபம், பேத்தியில் திரும்ப வந்திருக்கிறது. ஆகவே ஹைப்ரிட் என்றால் வருஷா வருஷம் விதை வாங்கத்தான் வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே பேசுங்கள்.

சரி, போன வருஷத்துக்கு வருகிறேன். 24 நாள் நாற்றை ஜூலை 30 அன்று நட்டேன். செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி. நெருக்கி நட்டால் காற்றுப் போகாது, கீழ் இலையில் புள்ளி விழுந்து மேலே ஏறும், மழைக்காலத்தில் அதைப் பிடிக்கவே முடியாது. பாதி வரிசையில் ஆகஸ்ட் 20 அன்று நுனி கிள்ளினேன், பாதியைச் சும்மா விட்டேன். நட்ட முப்பதாம் நாள் கிள்ளச் சொல்லித்தான் வேளாண் கையேடுகளில் இருக்கும், ஹைப்ரிட் வேகமாக வருவதால் நான் ஒன்பது நாள் முந்திக்கொண்டேன்.

கிள்ளாத செடியில் செப்டம்பர் 10-ல் முதல் பூ. நடுத்தண்டின் உச்சியில் ஒரே ஒரு பெரிய பூ, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. கிள்ளிய செடியில் செப்டம்பர் 22. பன்னிரண்டு நாள் தாமதம். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குக் கை பரபரத்தது, தப்பு பண்ணிவிட்டோமோ என்று தினமும் போய்ப் பார்ப்பேன். ஆனால் செப்டம்பர் 28, 29-ல் பறித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கிள்ளிய செடி ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் எட்டு, பத்துப் பூ ஒரே சமயத்தில் பறிக்கத் தயார். கிள்ளாததில் மூன்று நாலு, அதிலும் ஒன்று பெரிது, மற்றது சின்னது. மழைக்குச் சாய்ந்ததும் கிள்ளாத செடிதான். கிள்ளியது அகலமாக இருப்பதால், அடியில் மண் அணைத்துவிட்டால் நின்றுகொள்கிறது. வேகமாகப் பூக்கிற ரகத்தை வாங்கி, நானே பன்னிரண்டு நாள் மெதுவாக்கினேன் என்று சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம், ஆனால் அந்த நாள்தான் பூஜைக்குச் சரியாக விழுந்தது.

பூவை நான் எடை போட்டு மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வகையிலும் பத்துப் பூ பறித்து, தண்ணீர் தெளிக்காமல், ஈர சாக்கு போட்ட கூடையில் திண்ணையில் வைத்தேன். இரண்டாம் நாள் காலை பூவைக் கவிழ்த்துப் பிடித்து லேசாக உதறினால் எத்தனை இதழ் விழுகிறது என்று பார்ப்பது. மண்டியில் வாங்குகிறவரும் இதைத்தான் செய்கிறார், அவர் உதறுவதில்லை, இரண்டு விரலால் அடியில் அழுத்துவார், கெட்டியாக இருந்தால் கூடை நகரும், பொசுக்கென்று போனால் விலை பாதி. உயர ஹைப்ரிட் இரண்டாம் நாளும் கெட்டி, மூன்றாம் நாள் ஓரம் சுருங்கியது, அவ்வளவுதான். குட்டை ரகம் இரண்டாம் நாளே உதிர்ந்தது. வீட்டு விதைப் பூ லேசு, சின்னது, ஆனால் மூன்றாம் நாளும் ஒரு இதழ் விழவில்லை! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வீட்டு விதையைப் பற்றி அதனால் கொஞ்சம் மரியாதையோடு பேச வேண்டியிருக்கிறது. அம்மாவின் டப்பா விதை எத்தனை வருஷமாகச் சுற்றி வருகிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு பைசா செலவில்லை. முளைப்பு பாதிதான். முதல் பூ செப்டம்பர் 30, பூஜைக்கு முந்தின நாள், அதுவும் இரண்டே செடியில். உயரம் ஆளுக்கு ஒரு மாதிரி. நாலில் ஒன்று ஒற்றை இதழ். விற்பனை என்று பார்த்தால் இது ஆட்டத்திலேயே கிடையாது. மெதுவாகப் பூப்பதில் இது மட்டும் என்று இல்லை, டெல்லி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூசா நாரங்கி கெந்தா மாதிரி பேர்போன ரகமே விதைத்துப் பூக்க 120 நாளுக்கு மேல் எடுக்கும், ஹைப்ரிடோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. ஆனால் ஹைப்ரிட் செடி நவம்பர் பாதியில் காய்ந்து நிற்க, இது மார்கழிக் கோலத்துக்கும் பூ கொடுத்தது. தினம் வீட்டுச் சாமிக்கு ஒரு கை பூ வேண்டும், தேதி முக்கியமில்லை என்பவர் இதற்குமேல் எதையும் தேட வேண்டாம்.

செண்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தக்காளி போடுகிற ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக் காட்டில் இடையிடையே செண்டு வரிசை பார்த்திருப்பீர்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுப் பூ பிடிக்கும், முட்டையை அங்கே வைத்துவிடும். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டு, 25 நாள் தக்காளி நாற்றையும் 45 நாள் செண்டு நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும் என்பது பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பரிந்துரை. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வயசுக் கணக்கு. மெதுவாகப் பூக்கும் உயரமான ரகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. வேக ஹைப்ரிடை 45 நாள் நாற்றாகக் கொண்டுபோய் நட்டால் தக்காளி பூக்கும் முன்பே இது பூத்து ஓய்ந்துவிடும், என் கணக்கில் அதற்கு 25, 30 நாள் நாற்று போதும். பக்கத்துக் காட்டு அண்ணன் ஹைப்ரிடை 45 நாள் வைத்துப் பார்த்தார், குழித்தட்டிலேயே மொட்டு வைத்துக்கொண்டு வந்தது. அந்துப்பூச்சியை இழுக்கும் பொறியாக மட்டும் என்றால் வீட்டு விதை தாராளம், புழுவுக்கு அடுக்குப் பூவா ஒற்றைப் பூவா என்ற வித்தியாசம் கிடையாது.

இப்போது சாமந்தி. பூ விலையில் செண்டு இதன் பக்கத்தில் நிற்க முடியாது, அதனால்தான் ஆசைப்பட்டேன். ஆனால் சாமந்தி நாள் கணக்கில் பூக்கிற செடி இல்லை, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நம் ஊரில் ஜூன் 21-ல் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், டிசம்பர் 21-ல் 11 மணி 25 நிமிடம். கேட்க ஒன்றரை மணி நேரம்தானே என்று இருக்கும், சாமந்திக்கு அதுவே காலண்டர். சீக்கிரம் நட்டால் சீக்கிரம் பூக்காது, செடி பெரிசாகும், அவ்வளவுதான். ஜூலை முதல் வாரத்தில் நட்டது செப்டம்பர் கடைசியில் மொட்டு வைத்து, நவம்பர் முதல் வாரத்தில் விரிந்தது. ஆயுதபூஜையும் போச்சு, தீபாவளியும் போச்சு, டிசம்பர் 3 கார்த்திகை தீபத்துக்குத்தான் அள்ளிக் கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. கொல்லையின் கிழக்கு மூலையில் இருந்த ஐந்து செடி மட்டும் நவம்பரிலும் பச்சையாகவே நின்றது, ஒரு மொட்டு இல்லை. உரம் கூடிப்போச்சு என்றார் ஒருவர், வேர்ப்புழு என்றார் இன்னொருவர். தோண்டிக்கூடப் பார்த்தேன், வேர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு நாள் ராத்திரி தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனபோதுதான் கண்ணில் பட்டது, தெரு விளக்கு எல்ஈடியாக மாற்றியதிலிருந்து வெளிச்சம் சுவரைத் தாண்டி சரியாக அந்த ஐந்து செடியின் மேல் விழுகிறது. அதற்கு இரவே வரவில்லை, பாவம். கோணிச் சாக்கைக் கொம்பில் கட்டி மறைத்தேன், பொங்கலுக்குப் பூத்தது. சாமந்திக் காட்டில் ராத்திரி பல்பு எரிய விட்டுப் பூவைத் தள்ளிப்போடுகிறார்களே, அது இதே சூட்சுமம்தான், அவர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள். உயரச் செண்டும் பகல் குறைந்தால் கொஞ்சம் சீக்கிரம் பூக்கும், ஆனால் சாமந்தி மாதிரி அடம் பிடிக்காது. விளக்கடியில் இருந்த செண்டும் பூக்கத்தான் செய்தது.

சாமந்திக்கு வேலையும் அதிகம். அசுவினி மொட்டுக்கடியில் கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, இலைப்பேன் தனியாக வந்தது, வேப்பெண்ணெய்க் கரைசல் வாரம் ஒரு தடவை அடித்தேன். செண்டுக்கு நான் மொத்தமாகவே இரண்டு தடவைதான் அடித்தேன், அதுவும் மழை ஓய்ந்து வெயில் அடித்தபோது சிவப்புச் சிலந்தி இலைக்கு அடியில் வலை பின்னியதால். ஒன்று மட்டும் சாமந்தி பக்கம் சொல்லலாம்: பூத்து முடிந்ததும் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும், மறுதாம்பு என்பது அதுதான், அடுத்த வருஷக் கன்றுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

உரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு யூரியா. செடி மதமதவென்று வளர்வதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். போட்டால் இலைதான், பூ தள்ளிப்போகும், மழைக்கு ஒடியும். அடியுரமாக எரு, நட்டு 45-ம் நாள் கொஞ்சம் தழைச்சத்து, அதோடு கையைக் கட்டிக்கொள்ளலாம்.

விலை விஷயம் ஊரறிந்தது. பூஜைக்கு முந்தின இரண்டு நாள் மண்டியில் செண்டுக் கூடையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், பூஜை முடிந்த மறுநாள் அதே பூ பறிகூலிக்குக்கூடக் கட்டாது, சாலையோரம் கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அரை ஏக்கரையும் ஒரே தேதிக்குக் குறி வைப்பதைவிட இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். ஈரப்பூவுக்குக் கழிவு பிடிப்பார்கள், காலையில் பனி உலர்ந்த பிறகு பறிப்பதில் அரை மணி போனாலும் பரவாயில்லை.

இந்த வருஷம், 2026-ல், ஆயுதபூஜை அக்டோபர் 19, தீபாவளி நவம்பர் 8. அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது: உயர ஹைப்ரிட் ஆரஞ்சு, கால் ஏக்கருக்கு ஜூலை 25-ல் குழித்தட்டு, ஆகஸ்ட் 18 வாக்கில் நடவு, மூன்று வாரத்தில் நுனி கிள்ளுவது. இன்னொரு கால் ஏக்கர் எல்லாவற்றையும் இருபது நாள் தள்ளி, தீபாவளிக்கு. மாடியில் குட்டை ரகம் பத்துப் பை, இந்தத் தடவை விதைப்பது ஆகஸ்ட் 25-ல், அதுவும் வாசலுக்கு மட்டும். சாமந்தி ஒரு வரிசை, மேற்குச் சுவரோரம், தெரு விளக்குக்கு முதுகு காட்டி. அம்மாவின் டப்பாவில் போன மார்கழியில் எடுத்த விதை இருக்கிறது. ஒற்றை இதழ்ச் செடியை எல்லாம் பூத்ததுமே பிடுங்கிவிட்டு அடுக்குப் பூவில் மட்டும் எடுத்தோம். அவர் அதிலிருந்து ஒரு பிடி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், மீதியைத் தக்காளிக் காட்டு அண்ணன் கேட்டிருக்கிறார்.